உலகப் பக்கம்

தம்பி, அந்தப் பேப்பர்ல நடுவுல உலகச் செய்தின்னு ஒரு பக்கம் இருக்கும். அத மட்டும் உருவிக் குடுக்கியளா? அருப்புக்கோட்டை வாரதுக்குள்ள படிச்சிட்டுத் தந்திருதேன். விளையாட்டு, சினிமா எல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க.

இங்கிலீஷ் பேப்பர்னு தெரியும். தெரிஞ்சுதான் கேக்கேன். என்னயப் பாத்தா இதெல்லாம் படிக்கிற ஆளு மாதிரி தெரியாது. நான் எட்டாங் கிளாஸ் தம்பி. தூத்துக்குடி ஹார்பர்ல லாரி ஓட்டுனவன். உப்பு ஏத்திருக்கேன், கரி ஏத்திருக்கேன், நாக்பூர் தாண்டிப் போயிருக்கேன். மூட்டு போன பொறவுதான் விட்டேன். லாரிக்காரனுக்கு எம்புட்டு இங்கிலீஷ் தெரியும்? ஸ்டாப், ஹார்ன், டேஞ்சர், நேஷனல் பெர்மிட். அம்புட்டுதான் எனக்கும் தெரிஞ்சிருந்துச்சு. இப்ப கேளுங்க. ஸாங்ஷன்னா என்ன, டெட்லாக்னா என்ன, என்வாய் யாரு, அம்பாசடர் யாரு, ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்னு கேளுங்க. சொல்லுவேன். எங்க தெருவுல எனக்குப் பேரே அம்பாசடர்தான். கேலிக்குச் சொல்லுதானுவ. சொல்லிட்டுப் போறானுவ.

மதுரைக்குத்தான போறிய? நானும் அங்கதான். மருமவளப் பாக்கப் போறேன். அப்போ சொல்லுதேன், வழி போகணும்லா.

எனக்கு ஒரே மவன். ரெமிஜியுஸ். ரெமின்னு கூப்பிடுவோம். அவங்க அம்மா அவன் பள்ளிக்கூடத்துல இருக்கையிலேயே போய்ச் சேந்துட்டா. நான் லோடு ஏத்திட்டுப் போனா அவன் ஒத்தையில இருப்பான். ஆனாலும் ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. என்னயக் கேக்காம ஒரு சட்டை எடுக்க மாட்டான். கப்பல்ல மெசின் ரூம்ல வேலை. கல்யாணம் முடிச்சு வச்சேன், பெரியதாழையில பொண்ணு, ஜெசிந்தான்னு பேரு, பி.காம் படிச்ச பிள்ளை. கல்யாணத்துக்குப் பொறவு ஒரு தடவ கப்பலுக்குப் போயிட்டு ஒழுங்கா வந்தான். ரெண்டாவது தடவ போனவன்தான்.

அவன் ஏறுனது ஒரு சின்ன எண்ணெய்க் கப்பல். முதலாளி ஒரு நாட்டுக்காரன். மேல பறக்குத கொடி வேற நாட்டுது. கேப்டன் இன்னொரு நாடு. அடியில கெடந்து வேல பாக்கது நம்ம பிள்ளைய. அந்தக் கடல்ல ரெண்டு நாட்டுக்காரனுக்குள்ள தகராறு. நாட்டுப் பேரு எதுக்கு, பஸ்ல இருக்க யாரு வீட்டுப் பிள்ளை எங்க வேல பாக்கோ. வடக்குக்காரன், தெக்குக்காரன்னு வச்சுக்கிடுவோம். தெக்குக்காரன் முதல்ல வடக்குக்காரன் கப்பல் ஒண்ணப் புடிச்சிட்டான். அந்தக் கோவத்துல வடக்குக்காரன் இவன் இருந்த கப்பலப் புடிச்சிட்டான். கள்ள டீசல் ஏத்திருக்கன்னு ஒரு காரணம் சொன்னான். கரைக்கும் விடல, கடலுக்கும் விடல. நங்கூரத்தப் போட்டு அப்பிடியே நிப்பாட்டிட்டான்.

தமிழ்ப் பேப்பர்ல ஒரு வாரம் போட்டாவ. வீட்டு வாசல்ல வச்சு மருமவ அழுகுத போட்டோ எடுத்துட்டுப் போனாவ. பொறவு வேற ஊர்ல வேற யாரோ அழுதாவ, அங்க போயிட்டாவ. அதுக்கப்புறம் நமக்கு ஒரு எழுத்து கிடையாது. ஜெசிந்தாதான் ஒரு நாளு சொன்னா, "மாமா, இங்கிலீஷ் பேப்பர்ல வருது, உள்பக்கத்துல சின்னதா"ன்னு. அன்னையில இருந்து வாங்குனேன்.

முதல்ல அவதான் படிச்சுச் சொன்னா. சாயங்காலம் ரெண்டு பேரும் வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காருவோம். அவ படிப்பா, தெரியாத வார்த்தைய செல்லுல தேடுவா. முதல் வார்த்தை ஸீஸ்டு. எனக்கு வாயில நுழையல. சீசுட்டு, சீசுட்டுன்னேன். அவ சிரிச்சா. அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன், மவன் போன பொறவு. ஸீஸ்டுன்னா பறிமுதல். ரெண்டு வாரம் கழிச்சு டீடெய்ன்டுன்னு போட்டான். அவ பாத்துட்டு, "மாமா, இது தடுத்து வச்சிருக்குறது. பறிமுதல்னா திருப்பித் தர மாட்டான், தடுத்து வச்சா விட்டுருவான்லா"ன்னா. ஆமா, அதுவும் சரிதான்னு அன்னைக்கு ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிட்டோம்.

அப்பந்தான் எனக்குப் பிடிபட்டுது தம்பி. இந்த நாட்டுக்காரனுவ நினைக்கது ஒண்ணையும் நேரா சொல்ல மாட்டானுவ. எல்லாம் வார்த்தையில வச்சிருப்பானுவ. நாம வார்த்தையப் புரிஞ்சுக்கிட்டா அவனுவ அடுத்து என்ன செய்யப் போறானுவன்னு முன்னாலயே தெரிஞ்சிரும். ரோட்டுல எதிர வார வண்டிக்காரன் லைட்ட அடிக்கத வச்சே அவன் ஒதுங்குவானா ஏறுவானான்னு தெரியும்லா, அது மாதிரி.

பழைய புஸ்தகக் கடையில ஒரு டிக்சனரி வாங்குனேன், இங்கிலீஷ்-தமிழ். ஒத்த ஒத்த எழுத்தாக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். ஒரு செய்தி படிக்க ஒரு பொழுது ஆவும். கார்டியல்னு போட்டா சிரிச்சுப் பேசிருக்கானுவ. ஃப்ராங்க்னு போட்டா? நான் வெளிப்படையாப் பேசிருக்காவ, நல்லதுதானன்னு நினைச்சேன். ஜெசிந்தாதான் செல்லுல தேடிட்டுச் சொன்னா, "இல்ல மாமா, ஃப்ராங்க்னா சண்டை போட்டிருக்காவன்னு அர்த்தமாம்"னு. எப்பிடி இருக்கு பாருங்க. நம்ம ஊர்ல சண்டை போட்டா தெருவே கேக்கும். அங்க சண்டை போட்டா ஃப்ராங்க்.

ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் நான் டிக்சனரி பாக்கல. லெவரேஜ். அந்தக் கப்பல்ல இருக்கவங்கள வடக்குக்காரன் லெவரேஜா வச்சிருக்கான்னு ஒருத்தன் எழுதிருந்தான். லிவர் எனக்குத் தெரியும். முப்பது வருசம் ஜாக்கி லிவர் போட்டு வண்டியத் தூக்குனவன் நானு. அப்ப எம்மவன ஜாக்கிக் கம்பின்னு எழுதிருக்கான். டயர மாத்துன பொறவு கம்பிய எடுத்து சீட்டுக்கு அடியில போட்டுருவோம், நினைப்பே இருக்காது. அன்னைக்கு மட்டும் பேப்பர மடிச்சு வச்சிட்டு வெளிய போயிட்டேன். ஜெசிந்தா என்ன வார்த்தைன்னு கேட்டா. தெரியலன்னு சொல்லிட்டேன்.

இந்த டிரைவர் கியர் மாத்துதானே, கேட்டியளா சத்தத்த? கிளட்ச்ச முழுசா மிதிக்காம போடுதான். பாவம் வண்டி.

கப்பல்ல இருக்கையில அப்பப்ப ஃபோன் பேச விடுவானுவ. காவலுக்கு இருக்கவன் நல்ல மனசோட இருந்தான்னா விடுவான். கொஞ்ச நேரம்தான். ஜெசிந்தா செல்லுக்குத்தான் வரும், ஆனா நான்தான் வாங்குவேன், பெரிய மனுசன்லா. "அப்பா, நல்லா இருக்கியளா? ஜெசிந்தா எங்க?"ம்பான். "அவ இருக்கா, நீ இதக் கேளு"ன்னு நான் அன்னைக்குள்ள செய்தியச் சொல்லுவேன். அவனுக்கு அங்க பேப்பரா வருது? நாமதான சொல்லணும். எந்த ஊர்ல பேச்சுவார்த்தை, யாரு யாரு வந்தா, டோன் எப்பிடி. டோன் முக்கியம் தம்பி. ஒரு நாளு பல்லு வலிக்குப்பா, கன்னம் வீங்கிட்டுன்னான். உப்புத்தண்ணி வச்சுக் கொப்பளிடான்னேன். கடல்ல இருக்கவனுக்கு உப்புத்தண்ணிக்கா பஞ்சம்? சொல்லிட்டு மறுபடி விசயத்துக்கு வந்தேன். எல்லாம் சொல்லி முடிச்சு அவ கையில குடுக்கையில லைன் போயிரும். அவ அந்த செல்லக் காதுல வச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் நிப்பா. முகத்தத் தூக்கி வச்சுக்கிடுவா. படிச்ச பிள்ளைதான், ஆனா எது முக்கியம்னு தெரியணும்லா.

இப்பிடியே ஒரு வருசம் ஓடிப் போச்சு. அப்பந்தான் அந்த ஃபோன் வந்துச்சு.

மத்தியான நேரம். சோறு போட்டு உக்காந்திருக்கேன். ரெமி குரலே வேற மாதிரி இருந்துச்சு. "அப்பா, ஒரு பேப்பர் கொண்டாந்திருக்காவ. கப்பல்ல கள்ள டீசல் இருந்துச்சு, எங்களுக்கும் தெரியும்னு எழுதிருக்கு. கையெழுத்துப் போட்டா இந்த மாசமே வீட்டுக்கு அனுப்பிருவாவளாம். ஆனா இனிமே கப்பல் வேலைக்குப் போக முடியாதாம். எல்லாரும் போடப் போறாவப்பா. நான் என்ன செய்யட்டும்?"

ஜெசிந்தாவுக்கு அந்தச் சத்தம் கேட்டுட்டு. சட்டிய அப்பிடியே வச்சிட்டு ஓடியாந்தா. "போடச் சொல்லுங்க மாமா. கப்பல் வேல போனாப் போகுது. ஆளு வந்தாப் போதும். போடச் சொல்லுங்க"ன்னா.

இங்கதான் தம்பி நிதானம் வேணும். வேற ஒருத்தனா இருந்தா பதறிப் போயி போடுன்னு சொல்லிருப்பான். நான் அன்னைக்குக் காலையிலதான் படிச்சிருக்கேன். பேச்சுவார்த்தையில திருப்பம், இம்மினென்ட்னு போட்டிருக்கான். இம்மினென்ட். டிக்சனரியில பாத்தேன். 'உடனே நிகழவிருக்கிற'ன்னு அர்த்தம். உடனே. சீக்கிரம்னு கூட இல்ல பாருங்க, உடனே. இன்னும் ரெண்டு நாள்ல எல்லாம் முடிஞ்சு மரியாதையா வெளிய வரப் போறவன் எதுக்குக் கள்ளன்னு கையெழுத்துப் போடணும்? நாளைக்கு அவனுக்குப் பிள்ளை பொறந்தா, உங்கப்பன் கள்ள டீசல்காரன்னு நாலு பேரு சொல்ல மாட்டானா?

"போடாத ரெமி"ன்னேன். "போட்டா ஒத்துக்கிட்டதா ஆயிரும். இம்மினென்ட்னு போட்டிருக்கான், நான் பாத்துட்டேன். பொறு"ன்னேன். ஜெசிந்தா என் கையில இருந்து செல்லப் பிடுங்க வந்தா. நான் திரும்பிக்கிட்டேன். "நிச்சயமாப்பா?"ன்னான். "நிச்சயம்டா"ன்னேன். "சரிப்பா"ன்னான். அம்புட்டுதான்.

அவ அன்னைக்குச் சோறு திங்கல. என்னயும் ஒரு வார்த்தை கேக்கல. நான் சமாதானம் சொன்னேன், டிக்சனரிய எடுத்து அந்தப் பக்கத்தக் காட்டுனேன். அவ பாக்கல.

கையெழுத்துப் போட்டவனுவ எல்லாம் அந்த மாசக் கடைசியில ஊருக்கு வந்துட்டானுவ. எம்மவனும் கேப்டனும் இன்னும் ஒருத்தனும்தான் அங்க. அந்த நேரம் பாத்து கடல்ல எவனோ எவன் கப்பல் மேலயோ குண்டப் போட்டான். யாரு போட்டான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பேச்சுவார்த்தை டீரெய்ல்டுன்னு போட்டான். ரயிலு தண்டவாளத்த விட்டு இறங்குதது. இதுக்கு நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க? நான் படிச்ச அன்னைக்கு இம்மினென்ட்தான். மறுநாள் மாறுனா அது எம்பேர்ல குத்தமா? அந்தப் பேப்பரக் கூட வச்சிருக்கேன், யாரு கேட்டாலும் காட்டுவேன்.

வந்தவனுவள்ல மணப்பாட்டுப் பையன் ஒருத்தன், கிளாட்வின்னு பேரு. அவன் வீட்டுக்குப் போயி விசாரிச்சேன். மெலிஞ்சு போயி இருந்தான். இப்ப மச்சினன் கடையில ஐஸ் கட்டி உடைக்கானாம். நல்ல கப்பல் வேலக்காரன், பாருங்க, ஐஸ் உடைக்கான். மடியில அவன் குழந்தைய வச்சுக்கிட்டுப் பேசுனான். நான் கேட்டேன், "எம்மவன் எப்பிடி இருக்கான்?"

"ரெமி அண்ணன் இப்ப யாருகிட்டயும் பேசுறது இல்ல பெரியப்பா. மேல வாரதே இல்ல. மெசின் ஓடாத மெசின் ரூம்லயே கெடக்காரு"ன்னான். பொறவு சொன்னான், "கையெழுத்துப் போடுத அன்னைக்கு எங்க கூடத்தான் வரிசையில நின்னாரு. பேனாவக் கையில வாங்கிட்டாரு. வாங்கிட்டுக் கீழ வச்சிட்டாரு. நாங்க எல்லாரும் சொன்னோம், போடுண்ணே, போடுண்ணேன்னு. எங்கப்பா விசயம் தெரிஞ்சவரு, பொறுக்கச் சொல்லிருக்காருன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

கேட்டியளா? வெளிநாட்டுப் போலீசு சுத்தி நிக்கான், கூட இருக்கவன் எல்லாம் போடு போடுங்கான், அந்த இடத்துலயும் அப்பா சொல்லிருக்காருன்னு சொல்லிருக்கான். எத்தன பேருக்கு இப்பிடி ஒரு மவன் அமையும்? எனக்குக் கண்ணு கலங்கிட்டு. கிளாட்வின் வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தான். வீட்டுக்கு வந்து ஜெசிந்தாட்ட அப்பிடியே சொன்னேன், சந்தோசப்படுவான்னு. அவ எந்திரிச்சுக் கொல்லப்பக்கம் போயிட்டா. ரொம்ப நேரம் குழாயில தண்ணி ஓடுத சத்தம் கேட்டுச்சு.

கையெழுத்துப் போடாத மூணு பேரையும் கப்பல்ல இருந்து இறக்கிக் கரைக்குக் கொண்டு போனானுவ. கோர்ட்டு. ஒத்துழைக்கலன்னு அது ஒரு கேஸு, டீசல் ஒரு கேஸு. ஏழு வருசம் போட்டான். இது பேப்பர்ல எம்புட்டு வந்துச்சு தெரியுமா? இந்தா, என் கட்டைவிரல் அளவு. மேல ஒரு யானைக்குட்டி பொறந்த செய்தி பெருசாப் போட்டிருந்தான். கன்விக்டட். அந்த வார்த்தைய நானே படிச்சேன், நானே அர்த்தம் பாத்தேன், நானே மருமவட்ட சொன்னேன். ஒருத்தர் உதவியும் இல்லாம முழுச் செய்தியும் நான் தப்பில்லாமப் படிச்சது அதுதான் முதல் தடவ.

ஆனா நான் விட்டுரல. நாடுங்கது பகையாவேவா இருக்கும்? போன வருசம் கிறிஸ்மஸுக்கு முன்னால பெரிய போட்டோ. வடக்குக்காரனும் தெக்குக்காரனும் கையப் புடிச்சுக்கிட்டு நிக்கான். நார்மலைஸ். ரெண்டு நாடும் உறவ நார்மலைஸ் பண்ணிட்டு, அம்பாசடர் திரும்பிப் போறான், பிளேன் விடப் போறான். புடிச்ச கப்பல எல்லாம் விட்டுட்டான், எம்மவன் கப்பலையும் சேத்து. நான் பேப்பரத் தூக்கிக்கிட்டு லட்டு வாங்கிட்டு வந்தேன். தெருவுல ஒரு வீடு விடல. பாவம்னு சொன்னவனுவளும் எடுத்தானுவ, கேலி பண்ணுனவனுவளும் எடுத்தானுவ. அம்பாசடர் வீட்டு லட்டுன்னானுவ.

ஜெசிந்தா ஒரு லட்ட எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, "மாமா, இதுல நம்ம ஆளுக பேரு எங்க இருக்கு?"ன்னா. பேரு எதுக்குடி, கப்பலையே விட்டுட்டான், ஆள விட மாட்டானான்னேன்.

சென்னைக்குப் போனேன், ஒரு கவர்மெண்ட் ஆபீசுக்கு. அங்க இருந்த ஆபீசர் நல்ல மனுசன், உக்கார வச்சுப் பேசுனாரு. "பெரியவரே, சண்டை நடந்தப்ப உங்க மகன் ஒரு பிரச்சினை. பேச்சுல அவரு பேரு வந்துக்கிட்டே இருந்துச்சு. இப்ப ரெண்டு நாடும் சிநேகமாயிட்டாங்க. பேச ஒண்ணும் இல்ல. உங்க மகன் அந்த நாட்டுக் கோர்ட் தண்டனை குடுத்த ஆளு. அது அவங்க உள்நாட்டு விஷயம்"னாரு. நான் கேட்டேன், "அப்ப சார், அவன் லெவரேஜ் இல்லையா?" அவரு என்னய நிமிந்து பாத்தாரு. "இல்ல பெரியவரே, இப்ப அவரு எதுவும் இல்ல"ன்னாரு. நல்ல மனுசன் தம்பி. டீ வாங்கிக் குடுத்தாரு.

ஊருக்கு வந்தா, ஜெசிந்தா துணிமணியப் பையில அடுக்கிக்கிட்டு இருக்கா. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில பில் போடுத வேலையாம், ஹாஸ்டல்ல தங்கப் போறாளாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் கோவப்படல. ஏன்மா, இங்க உனக்கு என்ன குறைன்னுதான் கேட்டேன்.

அவ பைய மூடிட்டு நிமிந்தா. "மாமா, அன்னைக்கு அவரு உங்களக் கேட்டாரு. நீங்க அந்தப் புஸ்தகத்தக் கேட்டிய. ரெண்டு பேருல ஒருத்தராவது என்னயக் கேட்டியளா?"ன்னா. கத்தல, அழல. பாத்திரம் எங்க இருக்குன்னு சொல்லுவாளே, அந்தக் குரல்ல சொன்னா.

என்ன பேச்சு பாருங்க இது. இத அவட்ட என்னத்தக் கேக்க? வார்த்தைக்கு அர்த்தம் டிக்சனரியிலதான போட்டிருக்கு. அப்பா அம்மா இல்லாத பிள்ளை, எங்கயோ மனசு முறிஞ்சு போச்சுன்னு விட்டுட்டேன். பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தேன். இப்ப வீட்டுல நான் ஒத்தையிலதான். சாயங்காலம் ஒரு நாற்காலிதான் போடுதேன்.

படிக்கத நிறுத்தல. இப்ப வேற வார்த்தை. இது கோர்ட்டு வார்த்தை. கிளெமென்ஸின்னா கருணை. பார்டன்னா மன்னிப்பு. ரெமிஷன்னா தண்டனையக் குறைக்கது. எம்மவன் பேரே அதுக்குள்ள இருக்கு பாருங்க, ரெமி. பேரு வைக்கையில சர்ச்சு சாமியாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நாட்டுல அவனுவ தேசியத் திருநாளுக்குக் கொஞ்சம் பேர விடுவானுவளாம். போன தடவ விட்டதுல இவன் பேரு இல்ல. அதுக்கு முந்துன தடவயும் இல்ல. ஆனா லைக்லின்னு ஒருத்தன் எழுதிருந்தான், வெளிநாட்டுக் கைதிகளுக்கும் உண்டுன்னு. லைக்லின்னா பெரும்பாலும்.

ஜெயில்ல இருந்து எப்பவாவது ஒரு ஃபோன் பேச விடுவானுவ. ஒரு நம்பர்தான் குடுக்கணும். அவன் ஜெசிந்தா நம்பரக் குடுத்திருக்கான். என் நம்பர அவனுக்கு மனப்பாடமாத் தெரியாது போல. ஞாயித்துக்கிழமை வரும்னு மணப்பாட்டுப் பையன் சொன்னான். அவட்ட கிளாட்வின் பேசுதான், எங்கிட்ட அவ பேச மாட்டா. அதனால நான் தவக்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை முதல் பூசையப் பாத்துட்டு இதே பஸ்ஸப் புடிச்சு ஹாஸ்டலுக்குப் போயிட்டேன். என்னயப் பாத்ததும் அவ வாசல்லயே நின்னா. உள்ள வாங்கன்னு சொல்லல, போங்கன்னும் சொல்லல. பாக்க வாரவங்க உக்காருத ரூம் ஒண்ணு இருக்கு, அதுல உக்காந்தேன்.

அன்னைக்கு எனக்குக் குடுப்பினை, ஃபோன் வந்துட்டு. அவ மூலையில போயி நின்னு பேசுனா. மெதுவா, சிரிச்சு ஏதோ பேசுனா. அவ இவன்ட்ட இப்பிடிப் பேசுவான்னே எனக்குத் தெரியாது. பொறவு என்னயத் திரும்பிப் பாத்தா. "மாமா வந்திருக்காவ"ன்னா. அவ காத்துக்கிட்டு நின்னா. பொறவு செல்லக் கொண்டாந்து என் கையில குடுத்தா.

"ரெமி"ன்னேன்.

"அப்பா"ன்னான். குரல் கிழவன் குரல் மாதிரி இருந்துச்சு. "அப்பா, ஒண்ணும் சொல்லாண்டாம். சும்மா லைன்ல இருங்க. நீங்க மூச்சு விடுத சத்தம் கேட்டாப் போதும்"னான்.

சரின்னு இருந்தேன். எனக்கும் அவன் மூச்சு கேட்டுச்சு. இருமுனான். அங்க யாரோ என்னமோ கத்துனான், இரும்புக் கதவு சாத்துனான். மறுபடி மூச்சு. சின்னப் பிள்ளையில நான் லோடு இறக்கிட்டு வீட்டுக்கு வந்து படுத்தா, பக்கத்துல வந்து ஒட்டிக்கிட்டு இப்பிடித்தான் மூச்சு விடுவான். ஆனா எவ்வளவு நேரம் அப்பிடியே இருக்க முடியும் சொல்லுங்க? அவனுக்குக் குடுக்குறதே கொஞ்ச நேரம். அது வீணாப் போகுதுலா. அவனுக்கு அங்க ஒரு செய்தி தெரியாது. நான் வழியெல்லாம் படிச்சு வச்சிருக்கேன். தெம்பாச் சொன்னாத்தான தெம்பா இருப்பான்? "ரெமி, கேளு. கிளெமென்ஸின்னு ஒரு வார்த்தை இருக்கு"ன்னேன்.

லைன் கட் ஆயிட்டு.

நான் ஹலோ ஹலோன்னு கூப்பிட்டுப் பாத்தேன். ஜெசிந்தா வந்து செல்ல வாங்குனா. ஷாலால தொடச்சா. "கட் ஆகல மாமா. அவரு வச்சிட்டாரு"ன்னா.

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அந்த ஊர்ல நெட்வொர்க் எம்புட்டு மோசம்னு நான்லா படிச்சிருக்கேன். இத்தன வருசம் ஸாங்ஷன்ல, ஒரு சாமான் உள்ள விடாத தடையில கெடந்த நாடு, ஒரு டவர் ஒழுங்கா இருக்காது. அதுக்குப் பொறவு நான் ரெண்டு தடவ போயிட்டேன், நான் உக்காந்திருக்கையில ஃபோன் வரல. நான் போகாத வாரம் வருதாம். கிளாட்வின்தான் சொன்னான். நேரம் அப்பிடி அமையுது. போன மாசம் அவளே எனக்கு ஃபோன் பண்ணி, இனிமே ஞாயித்துக்கிழமை வராதிய மாமான்னா. அலைச்சல், மூட்டு வலி, அதுக்காகச் சொல்லுதா. மனசுக்குள்ள பாசம் இருக்கு. அதான் இன்னைக்குச் சொல்லாமப் போறேன்.

இந்தத் தடவ யோசிச்சு வச்சிருக்கேன். வளவளன்னு ஆரம்பிச்சாத்தான் லைன் போகுது. எடுத்த உடனே விசயத்துக்கு வந்திரணும், மூணே வார்த்தையில. இந்தப் பக்கத்துல பாருங்க, கீழ, அந்த நாட்டுப் பேரு போட்டிருக்கான். என்ன வார்த்தை தம்பி அது, என் கண்ணாடிக்குச் சரியாத் தெரியல. ரிவ்யூவா? ரிவ்யூன்னா திரும்பப் பாக்கதுதான? பாத்தியளா. இத முதல்ல சொல்லணும்.

சும்மா இருங்கப்பான்னு அவன் அன்னைக்குச் சொன்னது எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. ராத்திரி பகலாக் கேக்கு. ஆனா இம்புட்டு வார்த்தை தெரிஞ்ச பொறவு ஒரு தகப்பன் எப்பிடிய்யா சும்மா இருப்பான்?